களைப்பும் இரத்த அழுத்தமும்: மருத்துவரை நாடுவது எப்போது?

(மும்பை, சீத்தா கேம்பில் மாணவர்களும் அரசு, மாநகராட்சி அலுவலர்களும் கூடியிருந்த கூட்டத்தில் மத்திய அரசு அலுவலர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உடல்நலம் பற்றிய இந்தக் கூட்டத்தில் பொருளாதாரம் படித்த ஒருவர் பேசுவது பொருத்தமா என்று சிலர் நினைக்கலாம். எந்த நோய்க்கு எந்த மருந்து என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால், மருத்துவரிடம் போவதா, இன்னும் சில நாள் பொறுத்துப் பார்ப்பதா என்ற முடிவு வீட்டில் எடுக்கப்படுகிறது. அம்முடிவில் கூலி, நேரம், பயணச் செலவு, பிள்ளைகளின் பள்ளி, வேலை கொடுப்பவரின் முகக் குறிப்பு ஆகிய அனைத்தும் கலந்திருக்கின்றன. ஆகவே அது பொருளாதாரத்திற்கும் உரிய கேள்வி. அந்த ஒரு கேள்வியைப் பற்றி மட்டும் இன்று பேச விரும்புகிறேன்.

எடுத்துக்காட்டாகக் களைப்பையும், ‘லோ பிரஷர்’ என்று நம் மக்கள் சொல்லும் குறைந்த இரத்த அழுத்தத்தையும் எடுத்துக் கொள்கிறேன். நெஞ்சுவலி வந்தவரை யாரும் வீட்டில் உட்கார வைப்பதில்லை. எலும்பு முறிந்தவர் அன்றே மருத்துவமனை சேர்கிறார். களைப்பு அப்படிப்பட்டதன்று. அது மெல்ல வருகிறது. வந்தபின் வாழ்க்கையின் ஒரு பகுதியாகிவிடுகிறது. ஒத்திப் போடுவதற்கு இதைவிட எளிதான நோய்க்குறி வேறில்லை.

சீத்தா கேம்பின் பின்னணி

இப்பகுதியின் வரலாற்றை இங்குள்ள பெரியவர்கள் என்னைவிட நன்கு அறிவர். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ஆம் ஆண்டில், பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் தேவைக்காக மான்குர்த் ஜனதா காலனி அகற்றப்பட்டது. அங்கிருந்த ஏறத்தாழ 70,000 மக்கள் டிராம்பேயின் கழிமுக ஓரத்தில் குடியமர்த்தப்பட்டனர். அவர்களில் தமிழர் பெருந்தொகையினர். சதுப்பு நிலத்தைத் தங்கள் உழைப்பால் மேடாக்கி, குடியிருப்பும் கடைத்தெருவும் வழிபாட்டிடங்களும் கண்டது அந்தத் தலைமுறை.

அந்த உழைப்பு மரபில் ஒரு பழக்கமும் சேர்ந்தே வந்திருக்கிறது. உடம்பு அசந்தால், அதைச் சொல்லாமல் வேலையைப் பார்ப்பது என்பதே அது. சீத்தா கேம்ப் அடங்கிய எம்-கிழக்கு வட்டம், 2009-ஆம் ஆண்டின் மும்பை மனித வளர்ச்சி அறிக்கையில் நகரின் வட்டங்கள் அனைத்திலும் கடைசி இடத்தில் இருந்தது. அத்தகைய வட்டாரத்தில் களைப்பைப் பொறுத்துக் கொள்வதற்கு ஆகும் விலை மற்ற இடங்களைவிட அதிகம். ஏனெனில் அக்களைப்புக்குப் பின்னால் உண்மையான நோய் இருக்கும் வாய்ப்பும் இங்கு அதிகம்.

எண் எதைச் சொல்கிறது?

முதலில் அளவைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். இரத்த அழுத்தம் இரண்டு எண்களாகக் குறிக்கப்படுகிறது. மேல் எண் 90-க்கும் கீழ் எண் 60-க்கும் குறைவாக இருந்தால் அதைக் குறைந்த அழுத்தம் என்பது பொதுவான மரபு. ஆனால் இதை உயர் இரத்த அழுத்தத்தைப் போல ஒரு நோயின் எல்லைக்கோடாகக் கொள்ளலாகாது. மெலிந்த உடல்வாகு உடைய இளம் பெண்கள் பலருக்கும், நல்ல உடற்பயிற்சி உடையவர்களுக்கும் 90/60 என்பது இயல்பான அளவாகவே இருக்கும். அவர்களுக்கு வேறு தொல்லை இல்லையெனில் மருந்தும் தேவையில்லை, கவலையும் தேவையில்லை.

இதில் மருத்துவ உலகமே நாட்டுக்கு நாடு வேறுபட்டிருக்கிறது. குறைந்த அழுத்தத்தைத் தனி நோயாகக் கருதி மருந்து கொடுக்கும் வழக்கம் ஜெர்மனியில் நெடுங்காலம் இருந்து வந்தது. பிரிட்டிஷ் மருத்துவர்களோ அதை நோயென ஏற்கவில்லை. அழுத்தம் குறைவாக உள்ளவர்களிடம் களைப்பும் சற்று மிகுதியாகக் காணப்படுகிறது என்று 1990-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஒரு மக்கள்தொகை ஆய்வு கூறிய பின்னரே அங்கு விவாதம் மீண்டும் எழுந்தது. ஆகவே, எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு முடிவு செய்ய இயலாது என்பதே நாம் கொள்ள வேண்டிய பாடம்.

எண்ணும் சரியாக எடுக்கப்பட வேண்டும். ஐந்து நிமிடம் அமர்ந்து இளைப்பாறிய பின், கை நெஞ்சின் மட்டத்தில் இருக்கும்படி வைத்து அளக்க வேண்டும். மெலிந்த கையில் பெரிய பட்டையைச் சுற்றினால் கருவி உண்மையைவிடக் குறைந்த அளவைக் காட்டும். நம் பெண்களில் பலருக்கு மெலிந்த கை. மருந்துக் கடையிலும் சிறு கிளினிக்கிலும் பெரும்பாலும் ஒரே பட்டை. இதனாலேயே ‘லோ பிரஷர்காரி’ என்று பெயர் பெற்றவர்களும் இருக்கக்கூடும்.

எழுந்து நிற்கும்போது தலை சுற்றுகிறது என்பவருக்கு இன்னொரு சோதனை உண்டு. அமர்ந்த அல்லது படுத்த நிலையில் ஒருமுறையும், எழுந்து நின்று மூன்று நிமிடத்திற்குள் மறுமுறையும் அளக்க வேண்டும். மேல் எண் 20 அளவோ, கீழ் எண் 10 அளவோ இறங்கினால் அதற்குக் காரணம் தேட வேண்டும். உடலில் நீர் வற்றியிருக்கலாம், இரத்தம் இழந்திருக்கலாம், நீரிழிவு நரம்புகளைத் தாக்கியிருக்கலாம், உயர் அழுத்தத்திற்காக உண்ணும் மாத்திரையின் அளவு மிகுந்திருக்கலாம். கடைசியாகச் சொன்ன காரணம் முதியவர்களிடம் அடிக்கடி காணப்படுவது. அவர்கள் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடாமல், எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே திரும்பிச் செல்ல வேண்டும்.

பெயர் ஒன்று, நோய் வேறு

நம் வீடுகளில் ‘லோ பிரஷர்’ என்பது ஓர் அளவின் பெயராக நின்றுவிடவில்லை. அசதி, கிறுகிறுப்பு, படபடப்பு, மேல்மூச்சு வாங்குதல், கண் இருட்டுதல் ஆகிய எல்லாவற்றுக்கும் அதுவே பொதுப் பெயராகிவிட்டது. பெயர் கிடைத்தவுடன் வைத்தியமும் கிடைத்துவிடுகிறது: உப்புப் போட்ட மோர், எலுமிச்சைச் சாறு, ஒரு டம்ளர் காப்பி. வெயிலில் வியர்த்து வந்தவருக்கு உப்பு மோர் நல்லதே. ஆனால் மூன்று மாதமாகக் களைத்திருக்கும் ஒருவருக்கு அந்தப் பெயர் கேள்வியை மூடிவிடுகிறது. அதுதான் தீங்கு.

மூடப்பட்ட கேள்விக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது இரத்தசோகை. 2019–21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57.0 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருந்தது. அதற்கு முந்தைய ஆய்வில், 2015–16-இல், இது 53.1 சதவீதம். அதாவது குறையவில்லை, கூடியிருக்கிறது. ஆண்களில் இது 25.0 சதவீதம். இரத்தசோகைத் தடுப்புக்கான தேசியத் திட்டம் 1970-லேயே தொடங்கப்பட்டது என்பதையும், 2018-இல் ‘இரத்தசோகையற்ற பாரதம்’ என்ற இயக்கமாக அது விரிவாக்கப்பட்டது என்பதையும் இங்குள்ள அலுவலர்கள் அறிவார்கள். மாத்திரை சிவப்பு, நீல நிறங்களில் வந்துகொண்டிருக்கிறது. அதை உட்கொள்ள வேண்டியவள் தனக்கு ‘லோ பிரஷர்’ என்று நம்பிக்கொண்டிருந்தால் அம்மாத்திரை அலமாரியிலேயே தங்கிவிடும்.

இரத்த அழுத்தமும் இரத்தத்தின் அளவும் வேறு வேறு. கருவுறாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டருக்கு 12 கிராமுக்கும், ஆணுக்கு 13 கிராமுக்கும் குறைந்தால் அது இரத்தசோகை. இதை அறிய ஒரு துளி இரத்தம் போதும். மாதவிலக்கில் மிகுதியான போக்கு, குடலில் புழு, வீட்டில் எல்லோரும் உண்டபின் எஞ்சியதை உண்ணும் வழக்கம், சோற்றோடு தேநீர் அருந்தி உணவிலுள்ள இரும்புச் சத்தை வீணாக்கும் பழக்கம் ஆகியவை இதற்குக் காரணங்கள். இவற்றில் எதையும் உப்பு மோர் தீர்ப்பதில்லை.

இரத்தசோகை மட்டுமே காரணம் என்றும் எண்ணிவிட வேண்டாம். இரண்டு வாரத்திற்கு மேல் இருமலும், மாலைக் காய்ச்சலும், எடை குறைவும் களைப்போடு சேர்ந்து வந்தால் காசநோய்க்குச் சளிச் சோதனை செய்ய வேண்டும். அடிக்கடி சிறுநீரும் தாகமும் சேர்ந்தால் நீரிழிவு. உடல் பெருத்து, குளிர் தாங்காமல், மலச்சிக்கலோடு வந்தால் தைராய்டு சுரப்பியின் குறைபாடு. உறக்கமின்றி, எதிலும் நாட்டமின்றி வரும் களைப்பு மனச்சோர்வாக இருக்கலாம். இவை அனைத்துக்கும் சோதனையும் உண்டு, சிகிச்சையும் உண்டு.

‘எனக்கு ஒன்றுமில்லை’ என்னும் பதில்

இனி பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் எடுத்துக் காட்டிய ஒரு செய்தியைச் சொல்கிறேன். 1943-இன் வங்கப் பஞ்சத்திற்கு அடுத்த ஆண்டு, கல்கத்தாவுக்கு அருகிலுள்ள சிங்கூரில் அகில இந்தியச் சுகாதார, பொதுநல நிறுவனம் ஓர் ஆய்வு நடத்தியது. மனைவியை இழந்த ஆண்களில் 48.5 சதவீதத்தினர் தம் உடல்நலம் கெட்டிருப்பதாகவோ திருப்தியற்றிருப்பதாகவோ கூறினர். கணவனை இழந்த பெண்களில் அவ்வாறு கூறியவர்கள் 2.5 சதவீதத்தினர் மட்டுமே. அப்பெண்கள் ஆண்களைவிட நலமாக இருந்தார்கள் என்று யாரும் நம்ப மாட்டார்கள். தம் உடம்பைப் பற்றிக் குறை சொல்லும் உரிமை தமக்கு உண்டு என்று அவர்கள் எண்ணியிருக்கவில்லை.

2002-இல் அவர் எழுதிய மற்றொரு கட்டுரையில் கேரளத்தையும் பீகாரையும் ஒப்பிட்டார். ஆயுட்காலம் மிகுந்த கேரளத்தில்தான் நோயுற்றிருக்கிறோம் என்று சொல்பவர்கள் அதிகம். ஆயுட்காலம் குறைந்த பீகாரில் அவ்வாறு சொல்பவர்கள் குறைவு. அமெரிக்காவிலோ கேரளத்தைவிடவும் அதிகம். கல்வியும் மருத்துவ வசதியும் பெருகும்போது, முன்பு விதியென்று கருதப்பட்டது நோயென்று அறியப்படுகிறது. ஆகவே ஒரு குடும்பத்தலைவி ‘எனக்கு ஒன்றுமில்லை, கொஞ்சம் அசதிதான்’ என்று சொல்லும்போது, அந்தப் பதிலை அவளுடைய உடல்நிலையின் சான்றாக நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது. அவளுடைய வாழ்க்கை நிலையின் சான்றாகவே அதைப் படிக்க வேண்டும்.

செலவும் சேமிப்பும்

அவள் ஏன் போகவில்லை என்பதற்குக் கணக்கும் உண்டு. ஓர் எடுத்துக்காட்டை வைத்துக் கொள்வோம். நாளொன்றுக்கு 500 ரூபாய் ஈட்டும் பெண் ஒருத்தி. பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டுமெனில் காலையிலேயே கேஸ் பேப்பர் எடுக்கும் வரிசையில் நிற்க வேண்டும். அன்றைய கூலி போயிற்று. சோதனை முடிவை வாங்க மற்றொரு நாள். பயணச் செலவையும் சேர்த்தால், கட்டணம் பெயரளவுக்கே இருந்தாலும், அவளுக்கு ஆவது 1,100 ரூபாய். தெருமுனைக் கிளினிக்கோ மாலையில் திறந்திருக்கிறது. வேலை முடிந்து வரும் வழியில் இருக்கிறது. அங்கு ஊசியோ, ஒரு பாட்டில் சலைனோ ஏற்றிக்கொள்ள 300 ரூபாய் என்று கொள்வோம். எது மலிவு என்று அவள் எண்ணுவதில் தவறில்லை.

ஆனால் இரண்டு மாதத்திற்கு ஒருமுறை அவள் அதையே செய்தால், ஆண்டுக்கு 1,800 ரூபாய். நோயோ அப்படியே இருக்கிறது. அரை லிட்டர் சாதாரண சலைனில் இருக்கும் உப்பு நாலரை கிராம்; மற்றது தண்ணீர். வாந்தி, பேதியால் நீர் வற்றியவருக்கு அது உயிர் காக்கும் மருந்து. இரத்தசோகைக்கு அதில் ஒன்றுமில்லை. அன்று மாலை சற்றுத் தெம்பு வந்தது போலிருப்பதற்கு, ஒரு மணி நேரம் படுத்திருந்ததே காரணமாக இருக்கலாம்.

மருத்துவச் சேவையின் பொருளாதாரத்தைப் பற்றி 1963-இல் கென்னத் ஆரோ எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் மையக் கருத்து இங்கு பொருந்தும். மற்ற பொருள்களில் வாங்குபவர் தரத்தைச் சோதித்து அறிய முடியும். மருத்துவத்தில் விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரிவதில்லை. துவரம்பருப்பில் கல் இருந்தால் இல்லத்தரசி கண்டுபிடித்துவிடுவாள். சலைன் பாட்டில் தனக்குத் தேவையா என்பதை அவளால் கண்டறிய இயலாது. இந்தத் தகவல் இடைவெளியைச் சந்தை தானாக நிரப்பாது. அதனால்தான் அரசுக்கு இதில் பொறுப்பு உண்டாகிறது.

நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து நேரடியாகக் கொடுக்கும் பங்கு, தேசிய நலவாழ்வுக் கணக்குகளின்படி 2013–14-இல் 64.2 சதவீதமாக இருந்து 2021–22-இல் 39.4 சதவீதமாகக் குறைந்தது. இது வரவேற்கத்தக்கது. எனினும் இழந்த கூலியும் வரிசையில் நின்ற நேரமும் இந்தக் கணக்கில் சேர்வதில்லை. நாம் பார்த்த பெண்ணின் செலவில் பெரும்பகுதி அவையே.

செல்ல வேண்டிய நேரம்

இனி நேரடியாகக் கேள்விக்கு வருகிறேன். மூன்று நிலைகளாகப் பிரித்துக் கொண்டால் முடிவு எளிதாகும்.

முதலாவது, பொறுக்கலாம் என்னும் நிலை. எண் குறைவாக இருக்கிறது, ஆனால் தொல்லை எதுவுமில்லை. அல்லது வெயில், பட்டினி, உறக்கக் குறைவு போன்ற தெளிவான காரணத்தால் ஓரிரு நாள் களைப்பு. ஓய்வும் உணவும் தண்ணீரும் போதும். இதய நோய், சிறுநீரக நோய், உயர் அழுத்தம் உடையவர்கள் மட்டும் உப்பைத் தாமாகக் கூட்டக் கூடாது.

இரண்டாவது, ஒரு வாரத்திற்குள் செல்ல வேண்டிய நிலை. ஓய்வெடுத்தும் இரண்டு வாரத்திற்கு மேல் நீடிக்கும் களைப்பு, எழுந்தால் தலைசுற்றல், முன்பு எளிதாக ஏறிய மாடிப்படியில் மூச்சு வாங்குதல், எடை குறைதல், மிகுதியான மாதப்போக்கு. இங்கே இரத்த அழுத்த எண் இயல்பாக இருந்தாலும் செல்ல வேண்டும். கருவுற்றிருப்பவர் களைப்பையோ தலைசுற்றலையோ இரண்டு வாரம் பார்த்திருக்கக் கூடாது.

மூன்றாவது, உடனே செல்ல வேண்டிய நிலை. மயங்கி விழுதல், நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், உடல் குளிர்ந்து வியர்த்தல், பேச்சில் குழப்பம், சிறுநீர் குறைதல், கறுப்பாகத் தார் போல மலம் போதல், நிற்காத இரத்தப்போக்கு. மாதவிலக்குத் தள்ளிப்போன பெண்ணுக்குக் கடும் வயிற்றுவலியோடு மயக்கம் வருவதும் இதில் அடங்கும். மழைக்காலத்தில் இன்னொன்றைக் குறிப்பாக நினைவில் வைக்க வேண்டும். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நாட்களே ஆபத்தானவை. காய்ச்சல் விட்டுவிட்டதே என்று ஆறுதல் கொள்ளும் வேளையில் அழுத்தம் வீழக்கூடும். இத்தகைய வேளைகளில் 108 ஆம்புலன்சை அழைப்பதில் தயக்கம் வேண்டாம்.

மருத்துவரிடம் சென்றால், ‘லோ பிரஷர்’ என்று தொடங்காமல், நடந்ததைச் சொல்ல வேண்டும்: எத்தனை வாரமாக, எந்த வேலையின்போது, மாதப்போக்கு எத்தனை நாள், என்னென்ன மாத்திரைகள். ‘ஹீமோகுளோபின் பார்க்க வேண்டுமா?’ என்று ஒரு கேள்வி கேட்கலாம். இரும்புச் சத்து மாத்திரை தரப்பட்டால் மலம் கறுப்பாகும். அதற்காக நிறுத்திவிடக் கூடாது. தெம்பு வந்தபிறகும் உடலின் இருப்பு நிரம்ப, மருத்துவர் சொல்லும் மாதங்கள்வரை தொடர வேண்டும். தொடர்ந்து உண்டும் அளவு ஏறவில்லை எனில், வைட்டமின் பி12 குறைபாடு போன்ற வேறு காரணங்களைத் தேட வேண்டியிருக்கும்.

அலுவலர்களுக்கும் மாணவர்களுக்கும்

அலுவலர்களுக்கு ஒரு வார்த்தை. 2013-இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற நலவாழ்வு இயக்கம், 50,000 மக்களுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்றும், அது பகல் 12 மணி முதல் இரவு 8 மணி வரை நோயாளிகளைப் பார்க்க வேண்டும் என்றும் வகுத்தது. அந்த நேர அட்டவணையில் ஒரு பொருளாதார அறிவு இருந்தது: கூலியை இழக்காமல் மருத்துவரைக் காண முடிய வேண்டும். மும்பை மாநகராட்சி 2022 நவம்பரில் தொடங்கிய பாலாசாகேப் தாக்கரே ஆப்லா தவாகானாக்களில் பல இரவு 10 மணி வரை இயங்குமாறு அமைக்கப்பட்டதும் அதே நோக்கத்தில்தான். எத்தனை நிலையங்கள் திறக்கப்பட்டன என்பதோடு, மாலை 7 மணிக்கு அங்கு மருத்துவர் இருந்தாரா, ஹீமோகுளோபின் சோதனை அன்றே கிடைத்ததா என்பதையும் அறிக்கைகளில் கேட்டு எழுத வேண்டும். களைப்பென்று வந்த பெண்ணைச் சோதனையின்றித் திருப்பி அனுப்பினால், அவள் மறுமுறை வர மாட்டாள்.

மாணவர்களே, உங்களால் மட்டும் ஆகக்கூடிய ஒரு பணி இருக்கிறது. உங்கள் தாய்மாரும் பாட்டிமாரும் அசதிக்கும் கிறுகிறுப்புக்கும் படபடப்புக்கும் தமிழில் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறார்கள். மருத்துவர் முன்னால் அவை எல்லாம் ‘சக்கர்’, ‘கம்ஸோரி’ என்ற இரண்டு இந்திச் சொற்களாகச் சுருங்கிவிடுகின்றன. சுருங்கிய இடத்தில் நோய் மறைந்துபோகிறது. தமிழும் இந்தியும் மராத்தியும் அறிந்த நீங்கள் உடன் சென்று, அவர்கள் சொல்வதைச் சிதையாமல் எடுத்துச் சொல்லுங்கள். செல்லுமுன் ஒரு தாளில் எழுதிக் கொள்ளுங்கள்.

ஜனதா காலனியின் போராட்டத்தில் முன்னின்ற ஜோக்கின் அற்புதம் அவர்கள் உருவாக்கிய தேசியக் குடிசைவாழ் மக்கள் கூட்டமைப்பு, குடியிருப்பு மக்கள் தம்மைத் தாமே கணக்கெடுக்கும் முறையை ஒரு கருவியாக வளர்த்தது. 2000-ஆம் ஆண்டில் மகசேசே விருது பெற்ற அப்பெரியவரின் அந்த வழிமுறை இங்கும் பயன்படும. உங்கள் சந்தில் எத்தனை வீடுகள், அவற்றில் கடந்த ஓராண்டில் ஒருமுறையேனும் ஹீமோகுளோபின் பார்த்துக்கொண்ட பெண்கள் எத்தனை பேர்? ஆரோக்கிய சேவிகாவுடன் சேர்ந்து இந்த ஒரு கணக்கை எடுத்துப் பாருங்கள். வட்ட அலுவலகத்தில் வைத்துப் பேசுவதற்கு அதைவிட வலுவான ஆவணம் வேறு வேண்டியதில்லை.

குறைந்த இரத்த அழுத்தம் பெரும்பாலானோருக்கு ஆபத்தானதன்று என்பதை நான் மறுக்கவில்லை. வீண் அச்சத்தை வளர்ப்பதும் என் நோக்கமன்று. நீடித்த களைப்புக்கு ஒரு காரணம் உண்டு. அதைக் கண்டறியும் சோதனை எளியது. அதற்காக ஒருவர் இழக்கும் அரைநாளைக் குறைப்பது நம் அனைவரின் கடமை. நாட்டின் உற்பத்தியை நாம் டன்னிலும் ரூபாயிலும் அளக்கிறோம். அந்த உற்பத்தியைச் சுமக்கும் உடம்பு களைத்திருக்கிறதா என்று கேட்பதும் திட்டமிடலின் ஒரு பகுதியே என்று கூறி, என் உரையை நிறைவு செய்கிறேன்.